இரண்டாவது மான்

ஆசனூர்
18.11.2024

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டைகோஸ் அறுப்பு நடப்பதால் லோடு மேல் லோடு, உட்கார நேரமில்லை. இன்றைக்கு விடிகாலையிலிருந்து மழை ஊற்றுகிறது. என் குட்டியானை லோடு வண்டி வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது. உங்கக்கா டீ வைத்துவிட்டு, “அவனுக்கு எழுதறேன் எழுதறேன்னு சொன்னீங்களே, எழுதுங்க” என்று நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசுவாய். இதை நீ முழுதாகக் கேட்டாக வேண்டும்.

மருமகன் கார் வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். குடும்பத்தோடு மசினகுடி போய் வந்ததும் நல்லது. தெப்பக்காடு தாண்டி மான் குறுக்கே விழுந்த கதையைத்தான் மூன்று தடவை படித்தேன். ‘அழுத்தி மிதித்தேன், பெடல் காலுக்கடியில் கடகடவென்று ஆடியது, பிரேக் போச்சு என்று பயந்து காலை எடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய். அடப்பாவி! பிரேக் போகவில்லை மாப்ளே. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அப்படித்தான் ஆடும். நல்லபடியாகப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக்கைக் காலை எடுத்து நீதான் கெடுத்தாய்.

நாம் லாரி ஓட்டும்போது என்ன செய்வோம்? ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் நேராகத்தான் போகும். அதனால் விட்டு விட்டு மிதிப்போம். ஈர ரோட்டில் நீ அதில் கெட்டிக்காரன். இப்போது அந்த வேலையை வண்டி தானே ஒரு நொடிக்குப் பல தடவை செய்துகொள்கிறது. சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்தால் விடும், மறுபடி பிடிக்கும், விடும், பிடிக்கும். அந்த உதறல்தான் உன் காலுக்கு வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார் எல்லாவற்றிலும் இது கட்டாயம். இதில் உன் பழைய பழக்கத்தைக் காட்டாதே. மிதித்தால் மிதித்தபடியே இரு, நிற்கிறவரைக்கும் காலை எடுக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனோடு காலி மைதானத்துக்குப் போய், முப்பதில் வந்து ஓங்கி மிதித்துப் பார். அந்த உதறல் உன் காலுக்குப் பழகட்டும். மான் முன்னால் வரும்போதுதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்து நீ கேட்ட கேள்வி: ‘நான் ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியை வெட்டியிருக்க வேண்டுமா?’

வேண்டாம். இதை நான் சொல்வது உனக்கு வேடிக்கையாக இருக்கும், தெரியும். 1997-இல் மைசூர் லோடு ஏற்றிக்கொண்டு இந்தத் திம்பம் மலைப்பாதையில் நாம் இறங்கிய ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? அப்போது மானையா நினைத்தோம்? வீரப்பன் பயம். காட்டில் எங்கேயும் நிற்கக்கூடாது, வண்டி நின்றால் தொலைந்தோம் என்று சொல்லிச் சொல்லி ஓட்டினோம். ஒரு வளைவு திரும்பி நேரான இடத்தில் கடமான், எருமைக்கன்று மாதிரி, நடு ரோட்டில் நின்றது. நீ இடது பக்கம் ஒரே வெட்டு. மான் தப்பியது, நாமும் தப்பினோம். இத்தனை வருஷமாக டீக்கடை டீக்கடையாக அந்த வெட்டைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லி வருகிறேன். ‘எங்க மாப்ளே ஸ்டீயரிங்ல கை வெச்சா’ என்று ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டேன்.

போன மாதம் அதே இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தேன். இடது பக்கம் இருபது அடி அகலத்துக்கு மண் மேடு. அதற்குக் கீழே, அடுத்த வளைவில் அந்த மேடு கிடையாது, நேரே பள்ளம்தான். கடமான் ஒரு வளைவு தள்ளி நின்றிருந்தால் நீயும் நானும் இன்றைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். அதில் உன் கைத்திறமை ஒன்றுமில்லை மாப்ளே. மண் மேடு இருந்தது, அவ்வளவுதான். கோபப்படாதே.

அதே 1997-இல்தான் சுவீடனில் ஒரு பத்திரிகைக்காரர்கள் புதிதாக வந்த பென்ஸ் சின்னக் காரை ஓட்டிச் சோதித்தார்கள். அங்கே மூஸ் என்று ஒரு ராட்சச மான் இருக்கிறது, நம் கடமானைவிடப் பெரியது. அது குறுக்கே வந்ததாக வைத்து, வண்டியைச் சட்டென்று ஒடித்து மறுபடி நேராக்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பென்ஸ் கவிழ்ந்துவிட்டது. பெரிய ரகளை. கம்பெனி விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து, வண்டி நிலைதப்பாமல் பிடிக்கிற எலெக்ட்ரானிக் கருவியைச் சேர்த்துத்தான் மறுபடி விற்றார்கள். ஆளில்லாத மைதானத்தில், தயாராக வந்த டிரைவர் கையிலேயே அந்த கதி. முட்டைகோஸ் ஏற்றிய வண்டி, பக்கத்தில் பள்ளம், எதிரில் பஸ் என்றால் யோசித்துக்கொள். நேராகப் பிடித்துக்கொண்டு மிதி. மானை இடித்தாலும் நேராகவே இடி. கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும்.

இனி என் கதை. இதற்காகத்தான் நோட்டை எடுத்தேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால், காலை ஆறேகால் இருக்கும். உனக்குத்தான் தெரியுமே, 2022 பிப்ரவரியில் கோர்ட்டு சொல்லி இந்தக் காட்டு ரோட்டில் ராத்திரி ஓட்டத்தை நிறுத்தியதிலிருந்து லாரிகள் எல்லாம் காரப்பள்ளம் செக்போஸ்டில் வரிசை கட்டி நிற்கும். கதவு திறந்ததும் பந்தயக் குதிரை மாதிரி கிளம்பும். ராத்திரி தடை வந்தது மிருகங்களுக்கு நல்லதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பந்திப்பூரில் 2009-லேயே கொண்டுவந்துவிட்டார்களே. ஆனால் விடிகிற நேரம் இருக்கிறதே, மானும் மேய்கிற நேரம் அது. ராத்திரி பூராவும் வண்டி அதிகம் வராத ரோட்டில் பழகிவிட்டு, ரோட்டோரப் பசும்புல்லில் அது நின்றுகொண்டிருக்கும். அந்தச் சமயம் பார்த்து நாம் எல்லோரும் ஒன்றாகப் பாய்கிறோம்.

திம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூடுபனி. பின்னாலேயே ஒரு பத்துச் சக்கர லாரி, ஒதுங்கச் சொல்லி லைட்டை அடித்துக்கொண்டு வருகிறான். நான் ஒதுங்கவும் இல்லை, வேகம் எடுக்கவும் இல்லை. காரணம் என்ன தெரியுமா? பக்கத்து சீட்டில் முட்டை அட்டை. சத்தியமங்கலத்தில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு உங்கக்கா நாட்டுக்கோழி முட்டை முப்பது கொடுத்தனுப்பியிருந்தாள். ‘ஒண்ணு உடைஞ்சாலும் பாருங்க’ என்று மிரட்டல் வேறு. அதனால் முப்பதுக்கு மேல் போகவில்லை. காடு, மான், புலி எதற்காகவும் இல்லை.

இடது பக்கப் புதரிலிருந்து ஒரு பெட்டை மான். மிதித்தேன். அது தாவி வலது பக்கம் போய்விட்டது. ‘அப்பாடா’ என்று காலை ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் தப்பு. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், முன்னால் ரோடு காலி. கால் தானாகவே போகிறது. பெடலைத் தொட்டேனோ இல்லையோ, அதே புதரிலிருந்து இன்னொன்று. இது வயசான கிடா, கொம்பு மூன்றடி இருக்கும். தாவவில்லை, ஓடி வந்தது. ஈரத் தாரில் குளம்பு வழுக்கி, முன்னங்கால் ரெண்டும் மடங்கி, என் பம்பருக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டது.

என் வண்டியில் ஏபிஎஸ் கிடையாது. கிளட்ச்சை மிதிக்க மறந்து பிரேக்கை மட்டும் மிதித்ததில் எஞ்சின் குலுங்கி நின்றது. முட்டைகோஸ் மூட்டைகள் பின்னாலிருந்து கேபினில் மொத்தென்று மோதின. அதற்கும் பின்னால் லாரியின் ஏர் பிரேக் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கத்தியது. கண்ணாடியில் பார்த்தேன், அவன் கிரில் முழுக்கக் கண்ணாடியை அடைத்துக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். இடிக்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது நடுவில் ஒரு முழம்.

மான் எழுந்திருக்க முடியாமல் குளம்பைப் பறித்தது. தார்மேல் நகம் கீறுகிற மாதிரி ஒரு சத்தம், இன்னும் காதில் இருக்கிறது. மூக்குத் துவாரத்திலிருந்து ஆவி போனது. அதன் இமையில் பனித்துளி நின்றதைக்கூடப் பார்த்தேன், அவ்வளவு பக்கம். நான் லைட்டை அணைத்தேன். லைட்டு கண்ணில் அடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, சிலையாகிவிடும். இருட்டில் பார்ப்பதற்காக அதன் கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு, ராத்திரி பளபளவென்று திருப்பி அடிக்கிறதே, அதுதான். அந்தக் கண்ணில் போய் நாம் ஹைபீம் அடித்தால்? அணைத்ததும் கிடா தட்டுத்தடுமாறி எழுந்து போனது. அதன் பின்னால் இன்னும் ஒன்பது, ஒவ்வொன்றாக. கடைசியில் குட்டி ஒன்று நடு ரோட்டில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

லாரிக்காரன் சின்னப் பையன், கர்நாடகக்காரன். கன்னடத்தில் என் அம்மாவரைக்கும் போய்விட்டான். பனிக்குள் மான் கூட்டம் வரிசையாகக் கடப்பதைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நிறுத்தினான். ரெண்டு பேரும் பேசாமல் நின்றோம். அவன் பீடியை நீட்டினான். விட்டு ஆறு வருஷமாகிறது, வாங்கிவிட்டேன். உங்கக்காவிடம் சொல்லிவிடாதே.

புள்ளிமான் கூட்டமாகத்தான் இருக்கும். ஒன்று தாண்டியதென்றால் மற்றதும் அதன் பின்னால் வரத்தான் பார்க்கும், வண்டி நிற்கிறதா வருகிறதா என்றெல்லாம் பார்க்காது. ஒன்று போய்விட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைத்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஆபத்தே அப்போதுதான் தொடங்குகிறது. இப்போது ஒன்று கடந்தால் அது போன திசையைப் பார்ப்பதே இல்லை, வந்த திசையைத்தான் பார்க்கிறேன். மரத்தின் மேல் மந்தி இருந்தாலும் காலைத் தயாராக வைக்கிறேன். மந்தி உதிர்க்கிற தழைக்கும் காய்க்கும் அடியிலேயே மான் மேயும். கடமான் அப்படியில்லை, பெரும்பாலும் தனியாகவோ ரெண்டு மூன்றாகவோ வரும். ஆனால் ஒன்றே போதும், இருநூறு கிலோ.

வேகக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், பேரன் உதவியோடு. மணிக்கு 60 என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, புத்திக்கு உறைத்து, கால் பெடலுக்குப் போக ஒன்றரை நொடி. நம் வயசுக்குக் குறைத்துச் சொல்ல முடியாது. அதிலேயே 25 மீட்டர் போய்விட்டது. அப்புறம்தான் பிரேக் பிடிக்கும். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றாலே இன்னொரு 20 மீட்டர். ஆக 45. டிம் லைட்டு காட்டுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது மானைப் பார்க்கிற அந்த நொடியிலேயே முடிவு எழுதியாயிற்று. 40-இல் போனால் 26, 27 மீட்டரில் நிற்கலாம். பேரன் போர்டில் எழுதிக் காட்டியபோது எனக்கு வேர்த்தது. முப்பது வருஷமாக நான் சடாரென்று பிரேக் பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனே!

மருமகன் காரில் தானே பிரேக் போடுகிற வசதி இருக்கிறது என்றாயே, அதை நம்பிக் காட்டுக்குள் போகாதே. காரையும் ஆளையும் கண்டுபிடிக்கத்தான் அதைப் பெரும்பாலும் பழக்குகிறார்கள். மிருகத்துக்கென்றே மெனக்கெட்டவர்கள் வால்வோக்காரர்கள், மூஸ் ஊராயிற்றே. அவர்கள் கருவியே ஆஸ்திரேலியாவில் கங்காருவைப் பார்த்துக் குழம்பியதாக 2017-இல் செய்தி வந்தது. தரையில் இருக்கும்போது பக்கமாகவும், குதித்து மேலே இருக்கும்போது தூரமாகவும் தெரிந்ததாம். நம் புள்ளிமான் துள்ளலைப் பார்த்தால் அது என்ன சொல்லுமோ!

ஒன்று சொல்ல மறந்தேன். நாளைக்கே உன் வண்டியில் மான் அடிபட்டால் பயந்து ஓடிவிடாதே, செக்போஸ்டில் சொல். எடுத்து வண்டியில் மட்டும் போட்டுவிடாதே, 1972 வனவுயிர்ச் சட்டத்தில் நேரே உள்ளேதான். பயத்தில் யாரும் சொல்லாமல் போவதால் கால் ஒடிந்த மான் புதரில் ரெண்டு நாள் கிடந்து சாகிறது. நானே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அப்படியே பண்ணாரியில் நிறுத்தினேன். அம்மன் கோயில் புற்றுமண்ணை எனக்கும் பூசி, பம்பருக்கும் பூசினேன். அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன். பதினொரு முட்டை உடைந்து, வழிந்து, சீட் இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. மானைச் சொன்னால் உங்கக்கா நம்புவாளா? ‘வேகமா போயிருப்பீங்க’ என்றாள்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பங்குனியில் பண்ணாரி குண்டம் திருவிழாவுக்குக் கட்டாயம் வா, ஆனால் பகலில் வா. பஸ்ஸில் வந்துவிடு. என் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார முடியாது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வெயில் ஏறினால் முட்டை நாற்றம் வருகிறது.

உன் பழைய கூட்டாளி