நூலகத்தில் வழிகாட்டிய அந்த ஐயாவுக்கு நன்றி

ஆய்வேட்டுக்காக முந்தைய ஆய்வுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த ஒரு மூத்த ஆய்வாளர் கேட்காமலேயே உதவினார். பெயர் சொல்லவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

தலைப்புக்குப் பொருத்தமான ஒரு நல்ல கட்டுரை போதும், அங்கிருந்து தொடங்கலாம் என்றார். அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் விவாதத்தின் வேர் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தால், விவாதம் எங்கே நகர்ந்தது என்பது புரியும். அப்புறம், கிடைத்ததை அப்போதே சொட்டெரோவில் (Zotero, மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) சேர்த்துவிடச் சொன்னார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கட்டுரைவாரியாகச் சுருக்கம் எழுதாமல் கேள்விவாரியாக அடுக்கி, யார் யாரோடு முரண்படுகிறார், ஏன் முரண்படுகிறார் என்று பார்க்கச் சொன்னார். என் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அப்படித்தான் உருவானது. மனமார்ந்த நன்றி ஐயா.