கச்சான் காத்தும் ஏழு பல்லுச் சில்லும்

ஆரையம்பதி
ஆவணி, ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உண்ட கடிதம் வந்து ஒண்டரை மாசமாகுது. மறந்துபோய் இரிக்கல்ல. கையில ஒரு வேலை இருந்துச்சு, அது முடிஞ்ச பொறகு எழுதுவம் எண்டு தள்ளிக்கொண்டே வந்தன். அது இப்போதைக்கு முடியிற சாயல் இல்லை. அதால முடியாமலே எழுதுறன்.

முதல்ல ஊர்ச் செய்தி. அம்மா சுகம், முழங்கால் மட்டும் சொல்வழி கேக்குதில்லை. உங்கட வளவு வாசலில நிண்ட பூவரசு போன வாடைக் காத்தோட சரிஞ்சிட்டு. கடை ஓடுது, ரேடியோ, டிவி ஒண்டும் இப்ப வாறதில்லை, முழுக்கப் போன் டிஸ்பிளேதான். இந்த வருசக் கச்சான் பொல்லாத கச்சான். உண்ட புள்ளைகளுக்குக் கச்சான் எண்டா கடலை மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அது வைகாசியில இருந்து மேற்கால வந்து முகத்தில அடிக்கிற நெருப்புக் காத்து. அந்தக் காத்தாலதான் இந்தக் கதையே.

தம்பிமாமாவைத் தெரியும்தானே, அம்மாட கடைசித் தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் வாவியில நீச்சல் பழக்கினவர். தொண்ணூறில அவர்ர வலக்கையில மூண்டு விரல் போனது உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதல்ல. 2022 இல பெட்ரோல் வரிசையில நிண்டு நிண்டு அலுத்து, மோட்டச்சைக்கிளை வித்துட்டு ஒரு பழைய ஜப்பான் சைக்கிள் வாங்கினார். அண்டையில இருந்து தாழங்குடாவில கரைவலை மீன் எடுத்து, கரியரில பெட்டியைக் கட்டி, மண்முனைப் பாலத்தால ஏறி, வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைக்கு விக்கப் போறார். மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை எல்லாம் அவர்ர ஆக்கள். 2014 இல பாலம் திறக்க முதல் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த துறைதான் அது. இப்ப நிமிசத்தில கடக்கலாம். ஆனா நடுப் பாலத்தில காத்தை மறிக்க ஒரு தென்னையும் இல்லை.

மட்டக்களப்பில சைக்கிளுக்குக் கியர் எதுக்கு எண்டு நீ சிரிப்பாய். நானும் சிரிச்சவன்தான். எங்கட ஊரில மேடு எண்டா பாலம் மட்டும்தான். ஆனா முப்பது கிலோ மீனோட எதிர்க் காத்தில மிதிச்சுப் பாத்தா விளங்கும். முகத்தில படுற காத்து ரெண்டு மடங்கானா அதுட தடை நாலு மடங்கு. விடிய ஏழு மணிக்கு மேற்க போகக்குள்ள கச்சான் எதிர். பின்னேரம் கிழக்க வரக்குள்ள சில நாளில கடல்காத்து எதிர். மனுசனுக்குப் போகவும் எதிர், வரவும் எதிர்!

அவர்ர சைக்கிளில முன்னுக்கு 38 பல்லு, பின்னுக்குச் செயின் ஓடுற ஏழு பல்லுச் சில்லு, 14 பல்லில இருந்து 28 பல்லு வரைக்கும். சின்னதில போட்டா ஒரு மிதிக்குப் பின் சில்லு 2.7 சுத்து, பெரிசில 1.36 சுத்து. சரியா அரைவாசிப் பாரம். மாத்த முடிஞ்சாச் சொர்க்கம். மாத்திறதுதான் வில்லங்கம். கியர் பிடி வலக்கைப் பக்கம் இரிக்கு, அவருக்கு அதை முறுக்க ஒண்ணா. இடக்கைக்கு மாத்தினாக் காணாதா எண்டு கேப்பாய். மாத்திப் பாத்தம். வலக்கையால பிறேக்கும் பிடிக்க ஒண்ணா எண்டபடியால ரெண்டு பிறேக்கும் இடக்கையில ஒரே பிடியில ஓடுது. அதோட கியரையும் முறுக்கப் போனா, முறுக்கிற நேரம் பிறேக்கில கை இல்லை. ஒரு நாள் மாட்டுக்குக் குறுக்கால போய், மீன் முழுக்க றோட்டில. அண்டைக்குத்தான் என்னட்ட வந்து, “நீ போனெல்லாம் திருத்துறவன், எனக்கு ஒரு பொத்தான் வைச்சுத் தா” எண்டார்.

பொத்தான் சின்ன விசயம். பொத்தானுக்குப் பின்னால இரிக்கிறதுதான் நாலு மாசத்தைத் தின்டது.

உனக்குச் சுருக்கமாச் சொல்றன். பின்னுக்குத் தொங்கிற கியர்க் கையில ஒரு ஸ்பிரிங் இரிக்கு, அது எந்த நேரமும் சின்னச் சில்லுப் பக்கம் இழுக்கும். பிடியில இருந்து வாற கியர் வயரை இழுத்தாப் பெரிய சில்லுக்கு ஏறும், விட்டா இறங்கும். ஏழு சில்லுச் செட்டில ஒரு சில்லுக்கும் அடுத்த சில்லுக்கும் 5 மில்லிமீற்றர் இடைவெளி. அதுக்கு வயர் 2.9 மில்லிமீற்றர் அளவுக்கு அசைஞ்சாக் காணும். ஆறு தாவலுக்கும் சேத்து 17.4. ஒரு விரல் அகலத்துக்குள்ள முழு வித்தையும் அடக்கம். இழுவை எவ்வளவு எண்டு பாக்க மாமாட மீன் தராசையே வயரில கொழுவி இழுத்தன். புது வயரில நாலு கிலோ. அவர்ர வயரில ஏழு! கடல் காத்தில உறைக்குள்ள உப்பும் மணலும் சேந்து துருப்பிடிச்ச வயர் அது. அந்த மூண்டு கிலோ வித்தியாசம்தான் எங்கட ஊர்.

அதால முதல் முடிவு, ஹாண்டிலில இருந்து வயர் வேண்டாம். மோட்டரைக் கியருக்குப் பக்கத்திலயே கட்டினா ஒரு சாண் வயர் காணும். துருப்பிடிச்சா மாத்திறதும் லேசு.

முதல்ல செய்தது சேர்வோ மோட்டரில. பொம்மைப் பிளேனுக்குப் போடுறது, 55 கிராம், சென்ரிமீற்றருக்குப் பத்துக் கிலோ இழுவை எண்டு பெட்டியில போட்டிருந்துச்சு. அரை வட்டம் சுத்துற அச்சில 5.5 மில்லிமீற்றர் ஆரத்தில ஒரு சின்னக் கப்பி போட்டா, சரியா அந்த 17 மில்லிமீற்றர் வருது. கடை மேசையில வைச்சு அமத்தினா டிக், டிக் எண்டு ஏழு சில்லும் ஏறி இறங்குது. எனக்கு உச்சந்தலையில ஐஸ் வைச்ச மாதிரி. மாமா ஒருக்காப் பாத்துட்டு, “ஏன்கா இது சும்மா நிக்கக்குள்ளயும் முனகுது?” எண்டு கேட்டார்.

கேள்வி சரியான கேள்வி. நான்தான் காதில போட்டுக்கொள்ளல்ல.

முனகினது எதால எண்டா, ஸ்பிரிங் இழுக்குது, சேர்வோ விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. அசையாட்டிலும் கரண்ட் குடிக்குது, சூடாகுது. கரண்டை நிப்பாட்டினாப் பிடி விட்டுப் போகுது. மூண்டாம் நாள் நடுப் பாலத்தில பற்றரி செத்துட்டு. அந்த நிமிசமே கியர் சறுக்கிச் சின்னச் சில்லில விழுந்துச்சு. முப்பது கிலோ மீன், எதிர்க் கச்சான், இருக்கிறதில ஆகப் பாரமான கியர். மனுசன் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிரிக்கார். என்னை ஏசல்ல. மறுகா கடைக்கு வந்து மோட்டர்ப் பெட்டியைக் கழட்டி மேசையில வைச்சுட்டு, தேத்தண்ணி குடிச்சுட்டுப் போனார். ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

அண்டு இரவுதான் விளங்கிச்சு, நான் தப்பான கேள்விக்கு விடை தேடியிரிக்கன். இழுக்கிறதுக்கு எவ்வளவு பலம் வேணும் எண்டுதான் கணக்குப் பாத்தன். ஒரு நாளைக்கு இழுக்கிற நேரம் எல்லாம் சேத்தாலும் நாலு நிமிசம் வராது. மிச்ச நேரம் முழுக்க அது நிக்கத்தான் வேணும், அதுவும் கரண்ட் இல்லாமல்.

நிக்க வைக்கிற சாமான் எல்லார் வீட்டிலயும் இரிக்கு: நட்டும் போல்ட்டும். 5 மில்லிமீற்றர்ப் புரிக் கம்பியில ஒரு சுத்துக்கு நட்டு 0.8 மில்லிமீற்றர்தான் நகரும். கம்பியைச் சுத்தினா நட்டு ஓடும், நட்டை எவ்வளவு இழுத்தாலும் கம்பி சுத்தாது. மோட்டர் போடுற சக்தியில முக்கால் பங்கு புரியின்ட உராய்விலயே போயிரும். படிக்கிற காலத்தில இதை நட்டம் எண்டு எழுதி மாக்ஸ் வாங்கினம். அந்த உராய்வுதான் இப்ப பூட்டு. அது இல்லாட்டி ஸ்பிரிங் நட்டைத் திருப்பி ஓட்டிரும்.

நட்டை ஓட்ட, சுண்டு விரல் நுனியளவு ஒரு கியர் மோட்டர், 12 மில்லிமீற்றர் அகலம், நிமிசத்துக்கு 300 சுத்து. பாரத்தோட 200 எண்டு வை. ஒரு தாவலுக்கு மூண்டரைச் சுத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரு செக்கன் எடுக்கும். போட்டி ஓடுறவன் சிரிப்பான். மீன் விக்கிறவருக்குக் காணும்.

இதிலயும் அடி வாங்கினன். புரிக் கம்பியை மோட்டர் அச்சிலயே நேரா மாட்டினன். ரெண்டாம் நாள் அச்சு பல்லுப் பெட்டியை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துட்டு. அந்த மோட்டர் சுத்தத்தான் செய்தது, நாலு கிலோவைத் தொங்கவிடச் செய்ததில்லை. இப்ப நடுவில ஒரு தட்டு வைச்சு, அதில ஒரு சின்ன போல் பெயரிங் இறுக்கி, கம்பியில ஒரு கழுத்து வைச்சிரிக்கன். இழுவை முழுக்கப் பெயரிங்கில போய் நிக்குது. மோட்டருக்கும் கம்பிக்கும் இடையில ஒரு துண்டு றப்பர்க் குழாய் மட்டும்தான். மோட்டருக்குப் பாரம் தெரியாது, சுத்து மட்டும்தான் தெரியும்.

நட்டு எங்க நிக்குது எண்டு இந்தச் சாமான்ட மூளைக்கு, அதாவது அர்டுயினோ எண்ட குட்டிக் கொம்பியூட்டர்த் தட்டுக்கு, தெரிய வேணும்தானே. சுத்துகளை எண்ணலாம், ஆனா கரண்ட் போனா எண்ணிக்கையும் போயிரும். பழைய கசற் செட்டில பாஸ், டிரெபிள் எண்டு மேல கீழ தள்ளுற கட்டை இருக்குமே, அதில ஒண்டைக் கழட்டி நட்டோட கட்டினன். 30 மில்லிமீற்றர் ஓட்டம். அர்டுயினோ அதை 1024 படியாப் பிரிச்சுப் பாக்கும், ஒரு படி 0.03 மில்லிமீற்றர். பற்றரியைக் கழட்டி மாட்டினாலும் தான் எங்க நிக்கன் எண்டு அதுக்குத் தெரியும். எங்கட அப்பாட செட்டுதான், சொல்லிராத.

மறுகா ரெண்டு கிழமை ஒரு பேய்க் கதை. பொத்தானை அமத்தினாச் சில நேரம் மூளை செத்துத் திரும்ப எழும்பும். புரோகிராமை வரிக்கு வரி பாத்தன், பிழை இல்லை. கடைசியில பாத்தா, மோட்டர்ட கரித்துண்டில தெறிக்கிற பொறி. 0.1 மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒண்டை மோட்டர்ட ரெண்டு காலுக்கும் குறுக்கால பத்தவைச்சன், பேய் ஓடிட்டு. இருபது வருசம் ரேடியோ திருத்தினவன், கரகரப்பு எதால வாறது எண்டு எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்க வேணும்!

புரோகிராமில பெருமைப்படுற இடம் ரெண்டு. செயின் ஓடாமல் கியர் ஏறாது, அதால மிதி அச்சில ஒரு காந்தம் வைச்சு, மிதிக்கிறார் எண்டு தெரிஞ்சாத்தான் மோட்டர் ஓடும். அதுவரைக்கும் பொத்தான் சொன்னதை மனசில வைச்சிருக்கும். அடுத்தது, பெரிய சில்லுக்கு ஏறக்குள்ள அரை மில்லிமீற்றர் கூட இழுத்து, செயின் பிடிச்சோடண திரும்பி வரும். கை பழகினவன் தன்னை அறியாமச் செய்யிற வேலை அது. மாமா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது.

நான் ஒண்டும் புதிசாக் கண்டுபிடிக்கல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்திலயே மாவிக் எண்ட பிரெஞ்சுக் கம்பெனி இதைச் செய்திரிக்கு. அவங்கட மூளையைப் பார், கியரை நகர்த்தப் பற்றரியைப் பாவிக்கல்ல, செயினால சுத்துற குட்டிச் சில்லின்ட சுத்தைத்தான் பாவிச்சாங்கள். பற்றரி எந்தப் பக்கம் எண்டு சொல்ல மட்டும்தான். 2009 இல சிமானோ எண்ட ஜப்பான் கம்பெனி மோட்டர் வைச்சுக் கொண்டுவந்தது, 2015 இல ஸ்ராம் எண்ட அமெரிக்கக் கம்பெனி வயரே இல்லாமல் செய்தது. உங்கட மலை நாட்டில நீ நாளுக்கு நாலு தரம் பாப்பாய். அதில சிமானோட மோட்டரில ஒரு விசயம் எனக்குப் பொறாமை. சைக்கிள் விழுந்து கியர்க் கையில அடி பட்டா, மோட்டர் பிடியைக் கழட்டி விட்டுரும், பல்லு உடையாது. எண்டதில அது இல்லை. எண்டது விழுந்தா வளையும், வளைஞ்சதை நான் தட்டி நிமித்துவன்.

கரண்டுக் கணக்கு கேட்டாச் சிரிப்பாய். நாளைக்கு இருநூறு தரம் மாத்தினாலும் மோட்டருக்கு 15 மில்லியம்பியர் மணிதான் போகுது. அஞ்சு மணித்தியாலம் மூளை சும்மா முழிச்சிருக்கிறதுக்கு நூறு. அதில ஒரு பங்கு, ‘நான் உயிரோட இரிக்கன்’ எண்டு எரிஞ்சுகொண்டிருந்த சிவப்பு லைட்டுக்கு. அதைப் பிடுங்கிட்டன். பழைய லப்டொப் பற்றரியில எடுத்த ரெண்டு செல் கிழமைக் கணக்கா ஓடுது.

முழுச் சாமானும் ஒண்டேகால் இஞ்சி பிவிசிக் குழாயில ஒரு சாணுக்கும் குறைவு. சில்லுக்குப் பக்கத்துக் கம்பியில ரெண்டு கிளிப்பில நிக்குது. தூரத்தில பாத்தா ஆரோ காத்தடிக்கிற பம்பைக் கட்டியிரிக்கான் எண்டுதான் நினைக்கும். இன்னும் தீராதது தண்ணி. நட்டு ஓடக் குழாயில ஒரு நீட்டு வெட்டு வெட்டியிரிக்கன். அதுக்கு மேல சைக்கிள் டியூப்பை உறையாப் போட்டு, வாளித் தண்ணியில அமத்திப் பாத்தன். மூணு நிமிசத்தில குமிழி வருது. மார்கழி மழை இதை விட்டு வைக்காது. நீ தையில வரக்குள்ள சொக்கிலேற் கொண்டு வராத. துருத்தி மாதிரி மடியிற சின்ன றப்பர் உறை இருக்குமே, உள்விட்டம் 8 மில்லிமீற்றர், அதில அரை டசின் கொண்டு வா. அங்க சைக்கிள் கடையில இல்லாட்டி மிசின் சாமான் விக்கிற இடத்தில கேள்.

மாமா உன்னைக் கேட்டவர். வந்தா மணலை மீன் எடுத்து வைப்பாராம், கீரி மீன் தர மாட்டாராம், முள்ளெடுக்க நீ மறந்திருப்பாயாம். பெட்டியைத் திரும்பப் பூட்டி மூண்டு கிழமை. நல்லா இரிக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லல்ல. ஆனா நேத்து விடிய, பாலத்தடிக் கடையில பற்றரி வாங்க நிண்ட நான் ஒளிச்சு நிண்டு பாத்தன். பாலத்தில ஏற முதல் சைக்கிளை நிப்பாட்டி, சுவிட்சை ஓப் பண்ணினார். குனிஞ்சு இடக்கை விரலால வயரை ஒருக்கா நல்லா இழுத்துப் பாத்தார். அது அசையல்ல. சுவிட்சைத் திரும்பப் போட்டுட்டு ஏறிப் போயிட்டார்.

அன்புடன்,
உண்ட பழைய கூட்டாளி