முதல் குலை

கால்கரி, கனடா,
18.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பதினாறு நாளாகிறது. ஒரத்தநாட்டுப் பையன் பார்சலோடு கொண்டுவந்து கொடுத்தான். நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்து அவனுடைய நல்ல சட்டை ஒன்று போய்விட்டதாம். பாட்டில் பாதியை அவனுக்கே கொடுத்துச் சமாதானம் செய்தேன். பதில் எழுதத் தாமதமானதற்குத் திட்டாதே. போனில் பேசினால் நாம் ‘சாப்பிட்டியா’வைத் தாண்டுவதில்லை. அம்மா என் குரலைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் நானும் பேனாவை எடுத்தேன்.

நான் இங்கே சௌக்கியம். வேலைக்குக் குறைவில்லை. இந்த மாதம் ஷிஃப்ட் மட்டும் கொஞ்சம் கம்மி, உடம்புக்கு நல்ல ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை சீக்கியர்களின் குருத்வாராவில் சாப்பிடுகிறேன். ரொட்டியும் பருப்பும் பிரமாதமாக இருக்கும், ருசிக்காகத்தான் போகிறேன். சில வாரம் புதன்கிழமையும் போவதுண்டு.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். சில நாள் மைனஸ் 27 வரை போகும். இங்கே ராத்திரியில் காரைக் கரண்டில் கட்டிப் போடுகிறார்கள். இன்ஜின் உறையாமல் இருக்க உள்ளே ஒரு ஹீட்டர், அதன் வயர் முன்பக்கம் மூக்கணாங்கயிறு மாதிரி தொங்கும். தெரு முழுக்க முளைக்குச்சியில் கட்டின மாடுகளாக வண்டிகள் நிற்கும். பனி பெய்து ஓய்ந்தால் 24 மணி நேரத்துக்குள் வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்துவிட வேண்டும், இது மாநகராட்சி விதி. எதிர் வீட்டுக் கிழவருக்கு அந்த 24 மணி நேரம் பொறுக்காது. காலை ஐந்து மணிக்கு அரைக்கால் சட்டையோடு வந்து அவர் வாசலையும் எங்கள் வாசலையும் தள்ளிவிட்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்து ஒரு முறை முறைப்பார். போன மாதம் கதவைத் தட்டி ஒரு பொட்டலம் கொடுத்தார். மான் கறி. உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகலாம் இங்கே. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம். அம்மாவிடம் சொல்லாதே, அது கார்த்திகை மாசம்.

பொங்கலுக்கு ஒரு தேங்காய் வாங்கினேன். டொமினிக்கன் ரிபப்ளிக் என்று சீட்டு ஒட்டியிருந்தது. நம் ஊர்க் காசில் இருநூறு ரூபாய்க்குக் குறையாது. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன், தண்ணீர் சத்தம் கேட்டது, சரி என்று எடுத்துவிட்டேன். உடைத்தால் அழுகல். அப்பா ஆட்ட மாட்டார், கவனித்திருக்கிறாயா? உள்ளங்கையில் உட்கார வைத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். அந்தச் சத்தத்திலேயே முற்றலா, வெடிப்பா, அழுகலா என்று சொல்லிவிடுவார். இருபது வருஷம் பக்கத்தில் இருந்தும் அதை நான் கற்றுக்கொள்ளவில்லை.

உடைந்த மூடி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன் அக்கா. அறைக்கூட்டாளி வந்து தண்ணீர்க் குழாயை மூடினான்.

அப்பாவின் நோட்டை எதற்கு அனுப்பினாய் என்று முதலில் கோபம் வந்தது. இப்போது தினம் புரட்டுகிறேன். எல்லாம் கணக்குதான். வெட்டு இத்தனை, ஏற்றுக்கூலி, உரிகூலி, காங்கேயம் லாரி. நீ பெரியவளானது, எனக்குக் காலேஜ் கிடைத்தது, ஒன்றும் அதில் இல்லை. 16.11.2018 பக்கத்தில் மட்டும் காயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ‘விழுந்தது 183. நிற்பது 11.’ அதற்குக் கீழே, ‘பிள்ளை வாங்கணும்.’

கஜா புயல் அடித்து ஓய்ந்த அன்று காலையிலேயே எழுதியிருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுத நேரமாக இருக்கும். நிவாரணம் மரத்துக்கு 1100 ரூபாய் என்று வந்தபோது, அதில் 500 வெட்டி அப்புறப்படுத்தவே சரியாகிவிடும் என்று ஊரே புலம்பியது. அப்பா, “ஒரு வருஷக் காய்க் காசுதானே தர்றான், மரத்துக் காசு யாரு தருவா” என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். 63 வயசில் மூன்றடிக் குழி. வேர்க்கட்டை கிடந்த இடத்தை விட்டுத் தள்ளித் தள்ளி, அடியில் மணலும் உப்பும் போட்டு, ஒவ்வொன்றாக. அப்புறம் போனில் “பிள்ளைங்க நல்லா இருக்கு” என்றால், உன் பிள்ளைகளா தென்னம்பிள்ளைகளா என்று நான் கேட்க வேண்டியிருக்கும்.

ஹாஸ்டலுக்கு ஒருமுறை சைக்கிளில் சாக்குக் கட்டிக்கொண்டு வந்து, கட்டணம் தாமதமானதற்காக வார்டன் மேஜையில் நாலு தேங்காய் வைத்தாரே, அன்று வெட்கப்பட்டு அவரைச் சாப்பிடக்கூடச் சொல்லாமல் அனுப்பினேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். அப்பாவுக்குத் தென்னையே பனையாகிவிட்டது. பாளை வெடித்ததைப் பார்த்தார், அவ்வளவுதான். முதல் குலை வெட்டினோம் என்று நீ எழுதியதைப் படித்ததும் அதுதான் தோன்றியது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். மாசித் திதிக்கு நான் வர முடியாது. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலையும் இப்போது அதிகம். 15,000 அனுப்பியிருக்கிறேன், மீதி அடுத்த மாதம். வங்கியில் ஏதோ சிக்கல், வேறொன்றும் இல்லை. அத்தானிடம் கடன் கேட்காதே.

பட்டா விஷயத்தில் சித்தப்பா பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். பெண்ணுக்குப் பங்கில்லை என்கிறாராம். தாத்தா சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று நம் மாநிலத்தில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது என்று அத்தானை விட்டுச் சொல்லச் சொல். வாரிசுச் சான்றிதழில் அம்மா, நீ, நான் மூவர் பெயரும் வரட்டும். வான்கூவர் இந்தியத் துணைத் தூதரகத்து முத்திரையோடு உன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி அனுப்புகிறேன். மோட்டார் கனெக்‌ஷன் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அதையும் கையோடு மாற்றிவிடு. வெள்ளை ஈக்கு மருந்தடிக்க யாராவது வந்தால் விடாதே. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடு.

முதல் குலைக் காயை எல்லாம் லாரிக்கு ஏற்றிவிட்டீர்களா? இரண்டு மிச்சமிருந்தால் திதிக்கு அதையே உடையுங்கள். உடைக்கும் முன் நீ ஒருமுறை நகத்தால் சுண்டிப் பார். நல்ல காய் எப்படிச் சத்தம் போடுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் தம்பி