அறை வெப்பநிலை என்றால் எந்த ஊர் அறை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மாதத் தொடக்கத்தில் உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தில் வந்த கிறிஸ்துமஸ் பிஸ்கட் குறிப்பைப் பார்த்து நாங்களும் செய்தோம். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் கோபத்தில் இல்லை. பள்ளி விடுமுறை, வெளியே விடாத மழை, வீட்டில் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசி என்று கிடந்த பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் நிற்க வைத்தது அந்தக் குறிப்புதான், அதற்கு முதலில் நன்றி.

"வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள், அறை வெப்பநிலைக்கு வரட்டும்" என்று போட்டிருந்தீர்கள். வைத்தேன். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் எங்கள் நாலறை வீட்டு அடுப்படியில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெண்ணெய்க் கட்டியின் ஓரங்கள் பளபளவென்று எண்ணெயாகி, சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு சின்னக் குளம். சரி போகட்டும் என்று சர்க்கரையைப் போட்டு அடித்தோம். வெளுத்து நுரைத்து வர வேண்டியது, கூழ் மாதிரி சுழன்றுகொண்டே இருந்தது. மாவு கையில் ஒட்ட ஒட்ட, மரம், நட்சத்திரம், மணி என்று அச்சில் வெட்டி ஓவனுக்குள் தள்ளினோம். பன்னிரண்டு நிமிடத்தில் மரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துத் தட்டு முழுக்க ஒரே விரிப்பாகிவிட்டன. என் மாமியாருக்கு 83 வயது. மெதுவாக எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "மரத்தைக் காணோமே, தோசைதானே இருக்கு" என்றார். என் நாத்தனார் மகளுக்கு ஏழு வயது, அவள் அழுதே விட்டாள். (தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டதிலும் அவள்தான் முதல்.)

விஷயம் இதுதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் காற்றைக் கொண்டுபோய் அடைக்கின்றன. அந்தக் காற்றுதான் பிறகு ஓவனுக்குள் விரிந்து கேக்கையும் பிஸ்கட்டையும் தூக்கிவிடுகிறது. காற்றைப் பிடித்து வைக்கிற பதம் வெண்ணெய்க்கு 18, 20 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் இருக்கும். முப்பதைத் தாண்டினால் வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் அடித்தாலும் நிற்காது. சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி வாக்கில்தான். குறிப்பு எழுதியவர் சர்வசாதாரணமாக "அறை வெப்பநிலை" என்கிறாரே, அந்தக் குளிரை இந்த ஊர் வெட்டவெளியில் பார்ப்பதே அபூர்வம். 2018 ஜனவரியில் சில நாள் 21, 22 என்று இறங்கியதற்கே நாம் எல்லாரும் ஸ்வெட்டரைத் தேடினோம்.

அன்றைக்கே டொரோண்டோவில் இருக்கும் என் அண்ணியைக் கூப்பிட்டேன். நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் 13 மணி நேர வித்தியாசம், இங்கே சனிக்கிழமை காலை 10 என்றால் அங்கே வெள்ளி இரவு 9. வெளியே மைனஸ் 10, வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 20. "ராத்திரி எடுத்து மேசையில வச்சிட்டுப் படுத்தா காலையில சரியா இருக்கும்மா, உருகவே உருகாது. அவசரம்னா கேரட் துருவியில துருவிக்குவேன்" என்று சாவகாசமாகச் சொல்கிறார். எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அவருக்கும் ஒரு தலைவலி உண்டு, மாவு புளிக்காது. இட்லி மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க விடுவாராம், அந்த விளக்குச் சூடு போதுமாம். அந்த வித்தையைத்தான் பிறகு பன் மாவுக்கும் பிடித்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்க வீட்டில் ஏதாவது பேக் செய்துகொண்டே இருப்பதற்கு அவர் சொன்ன காரணமும் எனக்குப் பிடித்திருந்தது: பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து காலணியைக் கழற்றியதும் நேராக ஓவன் பக்கம் வந்து கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்களாம்.

நம் கதை தலைகீழ். ஈஸ்ட் போட்ட மாவு ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகும் என்று குறிப்பு சொல்லும், எங்கள் அடுப்படியில் நாற்பது நிமிடத்தில் பொங்கிவிடும். நான் புத்தியில்லாமல் குறிப்பை நம்பி ஒன்றரை மணி நேரம் விட்டு, புளித்த வாடையோடு ஒரு தட்டு பன் எடுத்திருக்கிறேன். மாமியார்தான் வழி காட்டினார். அவருக்கு ஈஸ்ட் தெரியாது, ஆனால் ஆப்ப மாவு தெரியும். மாவில் விரலை அழுத்தி எடுத்து, பள்ளம் சட்டென்று மூடிக்கொண்டால் "இன்னும் ஆகல", மெதுவாக மேலே வந்தால் "இப்ப எடு", அப்படியே கிடந்தால் "போச்சு". மணியே பார்க்க மாட்டார். முறுக்குக்கு எண்ணெய் காய்ந்ததா என்று துளி மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பவர், பாகு ஒரு கம்பியா இரண்டு கம்பியா என்று விரலால் சொல்பவர். நம் வீடுகளில் சமையல் சொல்லிக்கொடுப்பது என்றால் பதம் சொல்லிக்கொடுப்பதுதானே. ஏட்டில் வருகிற குறிப்பில் மட்டும் ஏன் நிமிடமும் "அறை வெப்பநிலை"யும்?

இன்னொன்று, "அவனை முன்கூட்டியே 180 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளவும்" என்று இருந்ததை நான் சத்தமாக வாசித்தபோது மாமியார் "எவனை?" என்று கேட்டார். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருக்கும் என் மகன் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்தான். ஓவன் என்றே அச்சிடலாம், பாட்டிகள் குழம்ப மாட்டார்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன், வேறு வாசகர்களுக்கு உதவினால் சரி. வெண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வெளியே விடுகிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது. அடிப்பது படுக்கையறையில், குளிர்சாதனத்தை 23-இல் வைத்து. ஞாயிறு மதியம் என் கணவர் தூங்கும் நேரமும் அதுதான் என்பதால் அவர் தலைமாட்டில் மிக்சர் சுற்றுகிறது, போர்வையில் ஐசிங் சர்க்கரை விழுகிறது, அவர் ஒன்றும் சொல்வதில்லை, முதல் துண்டு அவருக்கு என்று ஒப்பந்தம். பிஸ்கட்டை அச்சில் வெட்டியதும் தட்டோடு அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு அப்படியே ஓவனுக்குள் தள்ளுகிறேன். இரண்டாம் தடவை மரங்கள் மரங்களாகவே வந்தன, நுனி மட்டும் கொஞ்சம் மழுங்கல்.

பிறகு ஈரப்பதம். டிசம்பர் மழையில் துணி காயாது, மூங்கில் கழியை வெளியே நீட்டவே முடியாது, வெள்ளிக்கிழமை இரவு மகன் கொண்டுவரும் பச்சைச் சீருடை ஞாயிறு மாலை அவன் முகாமுக்குத் திரும்புவதற்குள் காய்ந்தாக வேண்டும். ஓவன் எரிகிற அடுப்படியில்தான் கொடி கட்டிப் போடுகிறேன். முகாமில் யாரோ அவனிடம் "உன் மேல கேக் வாசம் வருது" என்றார்களாம். துணி காயாத அதே காற்றில்தான் பிஸ்கட்டும் நமுத்துப்போகிறது, குறிப்பில் போட்டிருந்த "இரண்டு வாரம் கெடாது" எல்லாம் இங்கே நடக்காது. முழுக்க ஆறியதும் இறுக்கமான டின்னில் போட வேண்டும், நமுத்துவிட்டால் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் திரும்ப வைத்து எடுத்தால் மொறுமொறுப்பு வந்துவிடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெளியூர்க் குறிப்பை எடுத்துப் போடும்போது இங்கே ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அடுப்படியில் யாராவது ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போடுங்கள். கப் கணக்கு வேண்டாம், கிராம் போடுங்கள். அமெரிக்கக் கப் கிட்டத்தட்ட 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, அதில் மாவை அழுத்தி அள்ளினால் ஒரு கணக்கு, சலித்துப் போட்டால் ஒரு கணக்கு. கூடவே பதத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், இந்த ஊர் வெயிலுக்கென்றே இருக்கிற பண்டங்களையும் கொஞ்சம் எழுதலாம். முன்பு நாங்கள் இருந்த புளோக்கில் ஒரு யூரேசிய (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளி) பாட்டி கிறிஸ்துமஸுக்கு சூஜி கேக் கொடுப்பார், நம் ரவைதான் அது, ரவையைப் பல மணி நேரம் வெண்ணெயில் ஊறவைத்து, மஞ்சள் கரு நிறையப் போட்டு, பாதாம் பொடி சேர்த்துச் செய்வது. தீபாவளிக்கு நம் வீடுகளில் போடும் நெய் பிஸ்கட்டுக்கோ வெண்ணெய் அடிக்கிற வேலையே கிடையாது, உருக்கின நெய்யில் மாவைப் பிசைந்து உருட்ட வேண்டியதுதான். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், நெய்யில் அது இல்லை, அதனால்தான் வாயில் போட்டதும் அப்படிக் கரைகிறது. பொங்கலும் சீனப் புத்தாண்டும் வரப்போகின்றன, அண்டை வீடுகளிலிருந்து அன்னாசி டார்ட் வரும்போது நாமும் ஒரு டின் கொடுக்க வேண்டாமா.

மாமியாரின் நெய் பிஸ்கட் குறிப்பை நீங்கள் கேட்டால் அனுப்புகிறேன். அவர் கணக்கு எல்லாம் கண்டென்ஸ்டு பால் டின்னில்தான். தராசில் வைத்துப் பார்த்தேன், தலைதட்டி அளந்தால் 170 கிராம் மாவு, குவித்து அளந்தால் 200-ஐத் தாண்டுகிறது. எது என்று கேட்டால் "உருண்டை பிடிக்க வருதான்னு பாரு" என்கிறார். இந்த வாரம் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி