ஒரு போனுக்கு ஒரு புள்ளிதானா?

நம் குழுவில் ஆண்டுதோறும் சிறந்த படங்களுக்கு வாக்கெடுப்பு நடத்தும் நண்பர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து வணக்கம். 2024-ன் பத்துப் படங்கள் பட்டியலைப் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. என் அம்மாவின் ஓட்டைத் தள்ளிவிட்டீர்கள்.

போன முறை ஒரே ஆள் நாலைந்து பெயரில் வந்து தன் நாயகன் படத்துக்கே குத்தித் தள்ளினார் என்று இந்த முறை ஒரு போன் எண்ணுக்கு ஒரு ஓட்டு என விதி வைத்தீர்கள். நல்ல விதிதான். ஆனால் அம்மாவிடம் போன் கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது என் போன் ஒன்றுதான். என் பட்டியலை அனுப்பிவிட்டு, அம்மா சொல்லச் சொல்ல அவருடையதையும் அனுப்பினேன். 'இரட்டை வாக்கு, ஏற்கப்படவில்லை' என்று பதில் வந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என்னப்பு, நான் உனக்கு இரட்டைப் பிள்ளையா?" என்றார்.

உங்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக்காரர்கள். புள்ளி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுக் கணக்கும் பார்த்திருக்கிறேன். கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூரில் தொடங்கி ஒன்பது நகரக் கோயில்களிலும் புள்ளிக் கணக்கு உண்டு, வரியும் அதை வைத்துத்தான். செலவைப் பங்கு போட அது சரியான ஏற்பாடு. புருஷன் பெண்டாட்டிக்குத் தனித்தனி வரி கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஆனால் ரசனையை அப்படிப் பங்கு போட முடியாது. எங்கள் வீட்டிலேயே பாருங்கள், 'மெய்யழகன்' எனக்கு முதலிடம், அம்மாவுக்கு ஆறாவது. "ரெண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசிக்கிட்டே இருக்காங்க, தூக்கம் வராதா?" என்று கேட்டார். நீங்கள் எண்ணியது ஒரு வீட்டை. அதில் ஓட்டு இரண்டு இருந்தது.

சரி, அம்மா விஷயம் ஒரு ஓட்டோடு முடிந்துவிடும். இதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் கூட்டலில் இருக்கிறது.

முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்ததற்கு 9, பத்தாவதற்கு 1 என்று போட்டு மொத்தத்தைக் கூட்டுகிறீர்கள். ஒரு படத்தை 20 பேர்தான் பார்த்தார்கள், 20 பேரும் முதலிடம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 புள்ளி. இன்னொரு படத்தை 100 பேர் பார்த்து, போனால் போகிறதென்று எட்டாவது இடத்தில் வைக்கிறார்கள். ஆளுக்கு 3, மொத்தம் 300. இரண்டாவது படம் ஜெயித்துவிட்டது! உங்கள் பட்டியலுக்கு 'அதிகம் பேர் பார்த்த படங்கள்' என்று பெயர் வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பார்க்காதவர்கள் வேண்டுமென்றா பார்க்காமல் இருக்கிறார்கள்? 2024 ஆகஸ்ட் 23-ம் தேதி 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் வந்தன. முதல் வாரம் 'வாழை'க்குப் போனேன். அடுத்ததை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். ஞாயிறு வருவதற்குள் எங்கள் ஊர்க் கொட்டகையில் அது பகல் காட்சிக்குச் சுருங்கிவிட்டது. நான் பேரேட்டை மூடிவிட்டுக் கிளம்பினால் படம் முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். அதற்கடுத்த வாரம் அதுவும் இல்லை. சென்னையில் இருப்பவர்கள் நாலு அரங்கு, பத்துக் காட்சி என்று நேரம் பார்த்துப் போகலாம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் நிலைமையை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஏவிஎம் ஸ்டுடியோவைத் தொடங்கிய ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் எங்கள் ஊர்க்காரர். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அம்மாவின் அப்பா அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போவாராம். அப்புறம் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. இப்போதும் படப்பிடிப்புக்காரர்கள் வருகிறார்கள், எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் வளவையும் (உள்முற்றம்) பட்டாலையையும் (கூடம்) வாடகைக்கு எடுத்து ஏதோ ஒரு ஜமீன் வீடாகக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எடுத்த படம் திரும்பி இங்கே வந்தால் ஒரு வாரம் தாங்க மாட்டேன் என்கிறது. (இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தெரிந்த வீட்டு முகப்பும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் வந்ததற்காக ஒரு படத்தை ஒருமுறை இரண்டு இடம் தூக்கிப் போட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஓட்டுகளை நீங்கள் கொஞ்சம் சந்தேகப்படலாம்.)

'கொட்டுக்காளி'யைக் கடைசியில் வீட்டில்தான் பார்த்தோம். பின்னணி இசையே இல்லாத படம். கால் மணி நேரம் கழித்து அம்மா டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ரிப்பேர் இல்லை, படமே அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பேய் பிடித்திருக்கிறதென்று சாமியாடியிடம் கூட்டிப்போகிற அந்தப் பெண் பிள்ளை வாயைத் திறக்காமல் வருவதையும், ஆம்பளைகள் வழியெல்லாம் குதிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முடிவைச் சொல்லாமல் திரை இருண்டபோது எனக்குத்தான் கோபம் வந்தது. அம்மா, "பேய் யாருக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் பட்டியலில் அதுதான் முதலிடம். நீங்கள் தள்ளிய ஓட்டில் இதுவும் போய்விட்டது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு படத்துக்கு நேரேயும் 'பார்த்தேன்' என்று ஒரு கட்டம் வையுங்கள். பார்த்தவர் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடட்டும், பார்க்காதவர் காலியாக விடட்டும். பார்த்தவர்களை வைத்துச் சராசரி எடுங்கள். அப்படிச் செய்தால் மூன்று பேர் மட்டும் பார்த்து மூவரும் பத்துக்குப் பத்து போட்ட படம் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பீர்கள். உண்மைதான், அந்த மூன்று பேரும் இயக்குநரின் மச்சான்களாகக்கூட இருக்கலாம்.

அதற்கும் வழி உண்டு. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, எல்லாப் படத்துக்கும் முன்கூட்டியே 15 நடுத்தர ஓட்டுகளை ஊற்றிவிடுங்கள். குழுவின் பொதுச் சராசரி 6 என்றால் 15 ஓட்டும் ஆளுக்கு 6. இப்போது மச்சான்கள் படம்: 90-ம் 30-ம் சேர்ந்து 120, வகுக்க 18, ஏறக்குறைய 6.7. இருபது பேர் பார்த்து ஆளுக்கு 9 போட்ட படம்: 270, வகுக்க 35, 7.7. நூறு பேர் பார்த்து 7 போட்டது: 790, வகுக்க 115, 6.9. வரிசை சரியாக வந்துவிட்டதா? இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. படங்களுக்கு ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி இணையதளம் தன் 250 படப் பட்டியலுக்குக் குறைந்தது 25,000 வாக்குகள் வேண்டும் என்று வைத்திருக்கிறது. அவ்வளவு வாக்கு வந்த பிறகும் நேர் சராசரி போடுவதில்லை. நம் குழுவுக்கு 15 போதும். ஆஸ்கரில் சிறந்த படத்துக்குச் செய்வதுபோலக் கடைசிப் படத்தைக் கழித்து, அதன் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போகலாம் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். செய்யலாம், அவரே ராத்திரி முழித்து எண்ணுவதாக இருந்தால்.

அடுத்தது தேதி. டிசம்பர் 25-ல் வாக்கெடுப்பை மூடினீர்கள். 'விடுதலை' இரண்டாம் பாகம் வந்தது 20-ம் தேதி. ஐந்து நாளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? மாசி வரைக்கும் திறந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஜனவரி முதல் தேதியே பட்டியல் வந்தாக வேண்டும் என்று யாரும் நம்மிடம் கேட்கவில்லை.

எந்தப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள். 'கொட்டுக்காளி' எடுத்த பி.எஸ். வினோத்ராஜின் முந்தைய படமான 'கூழாங்கல்' 2021-லேயே ரோட்டர்டாம் படவிழாவில் புலி விருது (டைகர் அவார்ட்) வாங்கியது. நம் கண்ணில் பட்டது 2023 அக்டோபரில், அதுவும் ஓடிடியில். 2021-க்கான வாக்கெடுப்பில் யாரும் பார்த்திருக்கவில்லை, 2023-ல் 'இது பழைய படம்' என்று நீக்கிவிட்டீர்கள். பொதுமக்கள் பார்க்கக் கிடைத்த நாள்தான் கணக்கு என்று வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

போன் விஷயத்துக்கு என் யோசனை ஒன்றுதான். இரண்டாவது ஓட்டு வந்தால் தள்ளாமல், அந்த எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் அம்மாதான் எடுப்பார். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், பேசுவது நான் இல்லை என்று.

அவருடைய பட்டியலை மறுபடி அனுப்பியிருக்கிறேன். ஏழாவது இடம் காலியாக இருக்கும். 'விடுதலை'யைப் பார்த்துவிட்டுத்தான் அதை நிரப்புவாராம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் குழு உறுப்பினர் ஒருவர் (அம்மாவையும் சேர்த்தால் இருவர்)