கள்ளிக்குடியில் ஒரு லாரிக் கொட்டகை

திருநகர், மதுரை
வைகாசி மாதம்

அன்புள்ள மாப்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கூடவே பழைய லாரியை நிறுத்தி வேலை பார்க்கக் கள்ளிக்குடியில் நீ போடப்போகிற கொட்டகைக்குக் கோடு போட்டு அனுப்பிய படமும் வண்டியின் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவளுக்கு மறுபடியும் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் இன்னும் இரண்டு மாதம் இங்கேதான் இருப்பார்கள். வீடு முழுக்க வசம்பு வாசனை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சியிடம் சொல், நீங்கள் வரும்போது அழகர்கோவில் தோசை கட்டாயம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாடா 1210 லாரி வாங்கிவிட்டாய்! போட்டோவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ரோட்டோரம் நின்று வண்டி பார்த்த நமக்கு, வாழ்க்கையில் ஒரு வண்டி சொந்தமாக நிற்கப்போகிறது. டாடாவின் லாரிக் கம்பெனி டெல்கோ 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்தது. அந்தக் கூட்டு 1969-இல் முடிந்த பிறகும், அதே வழியில் வந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் உன் பானெட்டுக்குள் இருக்கிறது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் இந்த எஞ்சினோடுதான் என் இளமை போனது. அதனால் உன் கொட்டகையைப் பற்றி எனக்குப் பட்டதை எல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கையில் 8 லட்சம் என்று சொல்லியிருக்கிறாய். கணக்கில் முதல் வரியாக ஹைட்ராலிக் லிஃப்ட், அடுத்து கருவி அலமாரி, அப்புறம் கம்ப்ரஸர் என்று எழுதி, தரைக்கு 60,000 ஒதுக்கியிருக்கிறாய். மாப்ள, அந்தத் தாளை அப்படியே தலைகீழாகத் திருப்பு. தரை முதலில், தூக்குவதும் தாங்குவதும் இரண்டாவது, கருவி கடைசியில். ஸ்பேனர் இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம் வாங்கலாம். தரையை ஒரு தடவைதான் போட முடியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உன் மண். கள்ளிக்குடி கரிசல் ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்து உப்பும், பங்குனி சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நேராக காங்கிரீட் ஊற்றினால் இரண்டு மழைக்குள் விரிசல் விடும், ஒரு பக்கம் தூக்கும், இன்னொரு பக்கம் இறங்கும். உங்கள் தோட்டத்துப் பழைய களத்தைப் போய்ப் பார். அதில் நெல் காயவைக்கலாம். ஐந்து டன் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்க முடியாது.

கொட்டகை நிற்கும் இடத்தில் இரண்டு அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிடு. எடுத்த மண்ணை வயலில் பரப்பிக்கொள், வீணாகாது. பள்ளத்தில் கிராவல் கொட்டி, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் இரண்டடியையும் கொட்டி மேலே மட்டும் உருட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு, பக்கத்திலேயே நில். அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், எட்டு எம்.எம். கம்பியை எட்டு அங்குலக் கட்டமாகக் கட்டி, ஆறு அங்குல காங்கிரீட், எம் 25 கலவை. போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, இரண்டு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொள். விரிசல் கண்டபடி ஓடாமல் இருக்கத் தரையில் பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டுக் கோடு வேண்டும், வாசலை நோக்கி லேசான சரிவு வேண்டும். 28 நாள் ஆகும் வரை வண்டியை ஏற்றாதே.

கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழக் கூடாது. கரிசலில் ஓரம் நனைந்து நடு காய்ந்தால் தரை கோணிக்கொள்ளும். கால்வாய் கட்டி ஆறு, ஏழு அடி தள்ளிக் கொண்டுபோய் விடு. கொட்டகையை ஒட்டி நிற்கிற அந்த வேப்பங்கன்றை இப்போதே வேறிடத்தில் நட்டுவிடு. மரம் பெரிதானால் வேர் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்து மண் சுருங்கும். தூணுக்கும் இதே கதைதான். வெடிப்பு இறங்குகிற ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே அடி பருத்த பைல் முறையைக் கொண்டுவந்தது. துளை போட்டு, அடியில் குடம் போல அகலப்படுத்தி காங்கிரீட் நிரப்புவது. ஊரில் இன்ஜினீயர் யாரை வைத்தாலும் இதைக் கேள். அவர் யோசிக்காமல் மூன்றடிக் குழி போதும் என்றால் வேறு ஆளைப் பார்.

அளவைப் பற்றி. நீ 50 அடிக்கு 30 அடி போட்டிருக்கிறாய், பணம் அதிலேயே கரைந்துவிடும். 36 அடிக்கு 22 அடி போதும். உன் வண்டி ஏறத்தாழ 25 அடி நீளம், 8 அடி அகலம். மூக்குக்கு முன்னால் எட்டு அடி இருந்தால் எஞ்சினை வெளியே இழுக்கலாம். இடப்பக்கம் ஐந்தடி, வலப்பக்கம் ஒன்பதடி விட்டால் அந்தப் பெரிய பக்கத்தில் வேலை மேசை. பின்னால் மூன்றடி நடக்க. கூரை ஓரத்துக்குப் பதினாறு அடி உயரம் வை. சரக்கு வண்டிக்குச் சட்டம் ரொம்ப நாள் வைத்திருந்த உயரம் 3.8 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடி. வாசல் பதினான்கு அடி இருந்தால் உன் வண்டி தாராளமாக நுழையும். ஷட்டர் வேண்டாம், ஆங்கிள் அடித்த தள்ளுக் கதவு போதும். அதையும் மேற்கே வைக்காதே. சாயங்கால வெயில் உள்ளே அடித்தால் ஸ்பேனரைக் கையால் தொட முடியாது.

இப்போது லிஃப்ட். அது கார் பட்டறைக்கான சாமான். லாரிக்கு அடியில் இயல்பாகவே ஆள் நுழைய இடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். 20 டன் பாட்டில் ஜாக்கி இரண்டு, நல்ல கனமான ஸ்டாண்டு நாலு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிச் சதுர இரும்புத் தகடு, பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு நிற்பதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விநாடி கூட அடியில் படுக்காதே. எஞ்சின் கிட்டத்தட்ட அரை டன் வரும். அதற்கு இரண்டு டன் செயின் புல்லியும், சக்கரம் வைத்த இரும்பு ஏ-ஃபிரேமும் போதும். ஃபிரேமை வெல்டரிடம் சொல்லிச் செய்துகொள். கொட்டகை டிரஸ்ஸில், அதாவது கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், எஞ்சினைத் தொங்கவிடுகிற யோசனை இருந்தால் விட்டுவிடு, அது ஷீட்டைத் தாங்கத்தான் செய்யப்படுகிறது.

வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கப் பிட் என்கிற குழி வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கரிசலில் குழி வெட்டினால் மழைக்காலம் முழுக்க ஊறிக்கொண்டே இருக்கும், பக்கச் சுவரை மண் உள்ளே தள்ளும். அதோடு பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி. கேஸும் காற்றை விடக் கனம், குழியில்தான் போய்த் தங்கும். பக்கத்தில் வெல்டிங் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

அடுத்ததை இரண்டு தடவை படி. உன் வண்டியில் இருப்பது டியூப் போட்ட 9.00-20 டயர், அதை ரிம்மில் பிடித்து நிறுத்துவது லாக் ரிங் என்கிற இரும்பு வளையம். போட்டோவில் பின்சக்கரத்து ரிங் துருப்பிடித்திருப்பது தெரிகிறது. காற்று அடிக்கும்போது அந்த ரிங் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் துப்பாக்கி மாதிரி பறந்து வரும். சாலையோரக் கடை ஒன்றில் ஒரு பையன் டயர் மேல் குனிந்து நின்று காற்று அடித்ததையும், அடுத்த நொடியில் நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் பிழைக்கவில்லை. ஆகவே தடித்த பைப்பில் ஒரு கூண்டு செய்து தரையில் போல்ட் அடித்துவிடு. டயரை அதற்குள் நிறுத்தி, நீண்ட ஹோஸில் மாட்டிக்கொள்கிற கிளிப் போட்டு, கேஜைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளி நின்று காற்று அடி. சக்கரம் கழற்றும்போது, நட்டைத் தொடுவதற்கு முன்பே வால்வ் பின்னை எடுத்து இரட்டைச் சக்கரம் இரண்டிலும் காற்றை முழுக்க இறக்கிவிடு. துருவோ விரிசலோ உள்ள ரிங்கைச் சுத்தியால் தட்டி நேராக்காமல் எடைக்குப் போடு. கூண்டுக்கு ஆகிற பணத்தை வேறெதற்கும் மாற்றாதே.

இன்னொன்று, பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸரால் ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடை, மாஸ்க் போடு.

கருவி விஷயத்தில் ஆசையை அடக்கு. மதுரையில் கைத்தொழில் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1911-இல் டி.வி.எஸ். தொடங்கிய ஊர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் வண்டி ஓடக் கருவி செய்து கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பட்டறைகளில் தொழில் பழகியவர்களிடம் பழகியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கிராங்க் கிரைண்டிங், லைனர் போரிங், டீசல் பம்ப் காலிபரேஷன் எல்லாவற்றையும் வெளியே கொடு. லேத் வாங்கி நிறுத்தினால் அது துணி காயப்போடத்தான் ஆகும். நீ வாங்க வேண்டியது நல்ல ரிங் ஸ்பேனர் செட், முக்கால் அங்குல சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், வீல் நட் கழற்ற கியர் வைத்த கைக்கருவி ஒன்று. அதைச் சுற்றினால் உன் வயசுக்கும் நட்டு இளகும், ஏர் கன் தேவையில்லை. வெல்டிங்குக்கு 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின். கம்ப்ரஸர் மட்டும் பெரிதாக, இரண்டு ஸ்டேஜ் 3 ஹெச்.பி. வாங்கு. கார் டயருக்கான சின்னது லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ. ஏற்றுவதற்குள் சூடாகி நின்றுவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் டேங்கின் அடிப்பக்கத் துருவைப் பார்க்காமல் காசு கொடுக்காதே.

கரண்ட்டுக்கு மூன்று பேஸ் எழுதிக்கொடு. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்று. உன் மண் வெடித்துக் காய்ந்தால் எர்த்தும் செத்துப்போகும்.

பணக் கணக்கு இப்படி வருகிறது. கப்பலூரில் ஒருவரிடம் விசாரித்தேன். தூண், டிரஸ், ஷீட், கூலி சேர்த்துச் சதுர அடிக்கு 380 ரூபாய் சொன்னார். 792 சதுர அடிக்கு 3 லட்சம். கிராவல் இருபது யூனிட், ஜே.சி.பி., ரோலர், கம்பி, காங்கிரீட், கூலி எல்லாம் சேர்த்துத் தரைக்கு 1,60,000. தூண் அஸ்திவாரத்துக்குத் தனியாக 50,000. கரண்ட் வேலை 60,000. ஜாக்கி, ஸ்டாண்டு, செயின் புல்லி, ஃபிரேம், டயர்க் கூண்டு 60,000. கம்ப்ரஸரும் வெல்டிங்கும் இன்னொரு 60,000. கைக்கருவி 40,000. மொத்தம் 7,30,000. மீதி 70,000-ஐ பேங்கிலேயே விடு, மழை முந்தினாலோ பாறை தட்டினாலோ அதுதான் காப்பாற்றும். இதில் சுற்றுச்சுவர் இல்லை. முதல் வருஷம் மூன்று பக்கமும் திறந்தே இருக்கட்டும், காற்றும் வரும். வண்டிக்கான உதிரிச் செலவை இந்த 8 லட்சத்தோடு கலக்காதே, அதற்கு வேறு நோட்டுப் போடு.

ஒரு சட்ட விஷயம். ஐம்பது வருஷம் தாண்டினால் விண்டேஜ் என்று பதிந்துவிடலாம் என நீ நினைப்பது கடிதத்தில் தெரிந்தது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த அந்த விதி இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும்தான், லாரிக்கு இல்லை. ரோட்டில் ஓட்ட வேண்டுமென்றால் எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காட்ட வேண்டும். ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று முதலில் பார். சேஸிஸில் அந்த இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து எனக்கு அனுப்பு. பெயர் மாற்றத்தைக் கொட்டகைக்கு முன்னால் முடித்துவிடு. பஞ்சாயத்து அனுமதிக்கும் இந்த வாரமே மனுப் போடு.

ஆனி பிறந்ததும் தோண்ட ஆரம்பித்தால் ஆவணிக்குள் தரை முடியும், ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடும். ஜே.சி.பி. வருகிற தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல். ரோலர் ஓடி முடியும் வரை நான் அங்கே நிற்கிறேன். எஞ்சின் இறக்குகிற அன்றைக்கும் என்னை விட்டுவிட்டுத் தொடாதே. பின்ஆக்ஸில் நடுவிலிருந்து பம்பர் வரைக்கும், தரையிலிருந்து கேபின் உச்சி வரைக்கும் டேப் வைத்து அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. படத்தை நான் திருத்திப் போட்டு அனுப்புகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன்,
முருகேசன்