குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வடிகால் தூர்வாரப்பட்டது. விளையாட்டு விழா வழக்கம்போல் நடந்தது.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, கூலி வேலை செய்யும் பெற்றோரின் பார்வைக் குறைபாடுள்ள மகள் ஆறாம் வகுப்பில் தொடர்ந்து படிக்க உதவினோம். பணத்தைக் கொடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கண் மருத்துவரிடம் எஞ்சியுள்ள பார்வையைச் சோதித்தோம். ஓரளவு பார்வை இருக்கும் குழந்தைக்கு 18 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறையாத பெரிய எழுத்தும், தடித்த கோடிட்ட நோட்டும், சாய்வு மேசையும் போதும். இந்த மாணவிக்கு வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. எனவே விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லும் ஒலிப்பதிவும்தான் வழி.

பிரெய்ல் பலகையில் தாளை வைத்து, குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழுந்து, இடமிருந்து வலமாக வாசிக்க வரும். சாதாரண நோட்டுத் தாள் கிழிந்துவிடும், புள்ளியும் நிற்காது. 120 முதல் 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள தடித்த தாள்தான் சரி. பிரெய்ல் தொகுதிகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பவற்றின் புள்ளிகள் நசுங்கும். ஒற்றை அறை வீட்டில் அவற்றை நிறுத்தி வைக்க இடமில்லை என்பதால் சங்க அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கினோம். கணக்குக்கு டெய்லர் ஃபிரேம் என்ற குழிப் பலகை வாங்கினோம். அதன் எண்கோணக் குழிகளில் எண்ணையும் குறியையும் காட்டும் சிறு அச்சு ஒவ்வொன்றையும் எட்டுத் திசைகளில் வைக்கலாம். ஒரு முனையில் கோடு, மறுமுனையில் இரு புள்ளி, ஆக 16 குறிகள். அச்சுகள் சிதறித் தொலைவது வழக்கம். உதிரி அச்சுகளும் மூடியுள்ள டப்பாவும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இதைவிடக் கடினம் கைபேசியில் கேட்கும் பாடங்கள். ஸ்கேன் செய்த பக்கம், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் செயலியான திரைவாசிப்பானுக்கு வெறும் படம். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பாடத்தை அது பொருளற்ற எழுத்துகளாக வாசிக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, கொம்பும் ஒற்றும் இடம் மாறாமல் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் கிடைக்கவில்லை. பாடம் பதிவுசெய்வதாகக் கைதூக்கியவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்தோடு நின்றுவிட்டார்கள். வகுப்பில் பாடம் முடிந்தபின் பதிவு வந்து என்ன பயன்? பக்க எண்ணைச் சொல்வது, படத்தைத் தாண்டிப் போகாமல் அதில் இருப்பதை விளக்குவது, பாடத்துக்கு ஒரு கோப்பு என்று பிரிப்பது ஆகியவற்றைத் தொடர்ந்து வந்த சிலர் அக்கறையோடு செய்தார்கள். வராதவர்களில் சந்தா பாக்கி வைத்தவர்களும் உண்டு. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு செலவு தணிக்கைக்குப் பின் வைக்கப்படும். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. நன்கொடையாளர்களுக்கும் வகுப்பாசிரியருக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வடிவியல் படங்கள் கூடும். ரப்பர் விரிப்பின் மேல் தாளை வைத்துப் பற்சக்கரத்தை உருட்டினால் மறுபக்கத்தில் கோடு மேலெழும். அதனால் படத்தை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும், எழுத்துகளையும்தான். தேர்வில் சொல்வதை எழுதுபவர் மாதிரித் தேர்விலேயே அவளுடன் உட்கார்ந்து பழக வேண்டும். இல்லாவிட்டால் அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்று சொல்லிப் புரியவைப்பதிலேயே நேரம் போய்விடும்.

பள்ளி திறக்கும் முன் முதல் பருவப் பாடங்கள் தயாராக இருக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் அருகிலேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்